கிண்ணம் வழுவழுப்பாக, நெஞ்சு கரகரப்பாகவா?



இந்த முறை காய்ச்சலும் இல்லை, கொசுவும் இல்லை, சர்க்கரை வியாதியும் இல்லை. மரக் கிண்ணம் கடைவதைப் பற்றியும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைப் பற்றியும் எழுதப் போகிறேன். "டிரெசருக்கு என்னத்துக்கு ஆசாரி வேலை? மாத்திரை கொடுக்கிறதோட நிறுத்திக்கக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். முழுவதையும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

பால்மரத்தோடு நமக்குள்ள உறவு பால் வற்றியதும் முடிந்துவிடுவதில்லை. 25, 30 ஆண்டுகள் சீவிய பிறகு மரத்தை வெட்டி மறுநடவு செய்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படி வெட்டிய மரம் அடுப்புக்கும் புகைக் கொட்டகைக்கும்தான் போனது. அந்த மரத்தை எப்படிப் பதப்படுத்தி மேசை நாற்காலி செய்வது என்று கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 1980களில் ரப்பர் மரச் சாமான்கள் கப்பலேறி வெளிநாடு போகத் தொடங்கின. இன்று மூவாரிலும், பந்திங் பக்கம் ஓலாக் லெம்பிட்டிலும், சுங்கை பூலோ கம்போங் பாருவிலும் உள்ள மரச்சாமான் பட்டறைகளில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். பெட்டாலிங் ஜெயா நகரமே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்துப் பால்மரங்களை வெட்டிய இடத்தில் எழும்பியதுதான் என்பது பெரியவர்களுக்குத் தெரியும்.

பட்டறைக்குப் போகாதவர்களும் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தோட்டம் மூடியதால் அடுக்குமாடி வீட்டுக்குக் குடி போனவர், இப்படிச் சிலர் சின்னதாக ஒரு கடைசல் இயந்திரம் வாங்கி வைத்திருக்கிறார்கள். ரொட்டி உருட்டும் கட்டை, மோர் மத்து, குங்குமச் சிமிழ், பம்பரம், பழம் வைக்கும் கிண்ணம் என்று கடைந்து, தீபாவளி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் விற்கிறார்கள். கைக்கு வேலை, கொஞ்சம் காசு, மனதுக்கு நிம்மதி. நல்ல காரியம். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இவர்கள் என்னிடம் வரும்போது கேட்கும் கேள்வி, "ஐயா, ராத்திரியிலே இருமல் விடமாட்டேங்குது, நல்ல சிரப் ஏதாவது கொடுங்க" என்பது. நான் திருப்பிக் கேட்பது, "தாளை எப்படிப் போட்டுத் தேய்க்கிறீங்க?" என்பது. முதலில் முழிப்பார்கள். பிறகு சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். அவர்கள் சொன்னதிலிருந்தும் நான் படித்ததிலிருந்தும் சேர்த்ததுதான் இந்தக் கட்டுரை.

எந்தத் தூசு கெடுதல்?

உளி போட்டுக் கடையும்போது வருவது சீவல். சுருள் சுருளாகக் காலடியில் விழும். அது நுரையீரலுக்குள் போகாது. உப்புத்தாள் போடும்போதுதான் விஷயம் மாறுகிறது. கெர்த்தாஸ் பாசிர் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தத் தாளில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு பரலும் ஒரு குட்டி உளி. அது சீவும் சீவல் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது.

நம் தலைமயிர் ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். பெரிய தூசியை மூக்கு மயிரும் சளியும் பிடித்து வைத்துக் கொள்ளும். 10 மைக்ரானுக்குக் கீழே போனால் அது தொண்டையைத் தாண்டும். 4, 5 மைக்ரானுக்குக் கீழே போனால் நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரைக்கும் போய் உட்கார்ந்து கொள்ளும். மேசை மேல் படிந்து கிடக்கும் மாவு போன்ற தூசியைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். அது விழுந்துவிட்ட தூசு. இன்னும் விழாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து கொண்டிருக்கிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும். தாள் நைசாக நைசாகத் தூசும் நைசாகும். 80 எண் தாளைவிட 320 எண் தாளின் தூசு ஆழமாகப் போகும். "கடைசித் தாள்தானே, லேசாத் தடவுறேன், அதுக்கு எதுக்கு மாஸ்க்" என்று முகக்கவசத்தைக் கழற்றி வைப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

எவ்வளவு தூசு இருந்தால் அதிகம்? ஐரோப்பிய நாடுகளில் கெட்டி மரத் தூசுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். எட்டு மணி நேர வேலைச் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள அளவு இது. நம் வீட்டுப் பின்கட்டு நீளம், அகலம், உயரம் எல்லாம் மூன்று மீட்டர் என்று வையுங்கள். உள்ளே இருப்பது 27 கன மீட்டர் காற்று. அப்படியானால் அந்த அறைக் காற்றில் மொத்தமாக 54 மில்லிகிராம் மிதந்தாலே எல்லையைத் தொட்டுவிட்டோம். 54 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய இரண்டு மூன்று அரிசியின் எடை. ஒரு கிண்ணத்தை உலர்ந்த தாளால் தேய்த்து முடித்ததும் முன்னங்கையில் படிந்திருப்பதை வழித்துப் பாருங்கள். கணக்குப் புரிந்துவிடும்.

மரத் தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் முதல் வகையில் சேர்த்தது. சிகரெட் புகையும் அதே வகையில்தான் இருக்கிறது. இந்தக் கதை தொடங்கியது இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊரில். அது நாற்காலி செய்வதற்குப் பேர் போன ஊர். அந்த வட்டாரத்தில் எஸ்மி ஹேட்ஃபீல்ட் என்ற காது மூக்குத் தொண்டை அறுவை மருத்துவர், மூக்கின் உள்ளே வரும் ஓர் அபூர்வமான புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களுக்கு மட்டும் இவ்வளவு வருகிறதே என்று கவனித்தார். அவரும் அவரோடு சேர்ந்த மருத்துவர்களும் 1968இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அது இன்றைக்கும் அரிதான நோய்தான். ஓக், பீச் போன்ற மரங்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களிடம்தான் அதிகம் கண்டார்கள். தூசியைச் சுவாசித்து 20, 30, 40 ஆண்டு கழித்துக்கூட வரலாம் என்பதுதான் அதில் உள்ள சங்கடம். வயது அறுபதில் கடையத் தொடங்கிய தாத்தாவுக்கு இந்தக் கவலை குறைவு. இருபது வயதில் பட்டறையில் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்த பேரனுக்கு இது பெரிய விஷயம்.

தாத்தாவுக்கு வருவது பெரும்பாலும் ஆஸ்துமா, மூக்கடைப்பு, கண் எரிச்சல், தோல் தடிப்பு. இவைதான் நான் பார்ப்பவை.

மரமும் முக்கியம்

எல்லா மரமும் ஒன்றல்ல. ரெங்காஸ் மரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்பாக, கறுப்புக் கோடு ஓடி, பார்க்க ராஜாங்கமாக இருக்கும். கிண்ணம் கடைந்தால் யாரும் கேட்ட விலை கொடுப்பார்கள். ஆனால் அது முந்திரி, மாமரம் இவற்றின் குடும்பம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். தூசியும் சிலருக்கு முகம், இமை, கழுத்து எல்லாம் வீங்க வைத்துவிடும். கம்பத்துப் பெரியவர்கள் அந்த மரத்தடியில் மழைக்குக்கூட ஒதுங்க மாட்டார்கள். "நமக்கு ஒண்ணும் செய்யலையே" என்று ஒருவர் தேய்ப்பார், அவருடைய துணியைத் துவைக்கும் மனைவிக்குக் கை வெந்து போகும். அந்த மரம் வேண்டாம்.

ரோட்டோரத்தில் வெட்டிப் போடும் அங்சானா மரமும் நல்ல நிறம்தான். அதன் தூசு சிலருக்கு இளைப்பையும் தோல் அரிப்பையும் தரும். தூங்குமூஞ்சி மரத் தூசு மூக்கிலும் கண்ணிலும் எரியும். இவற்றை ஈரமாகத் தேய்ப்பதுதான் நல்லது. எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ரப்பர் மரம் இவற்றைவிடச் சாது. வெளிர் நிறம், நடுத்தரமான கனம், கடைய இணக்கம். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். அதனால்தான் மரவாடியில் பலகை அறுத்த உடனேயே போரான் உப்புக் கரைசலை மரத்துக்குள் ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்துகிறார்கள். நாற்காலிக்கு அது சரி. சோற்றுக் கிண்ணத்துக்குச் சரியில்லை. போரான் உப்பு தண்ணீரில் கரையக் கூடியது. பட்டறையில் கழித்துப் போட்ட மருந்தேற்றிய துண்டுகளை இலவசமாகக் கிடைக்கிறதே என்று கொண்டுவந்து குழம்புக் கிண்ணம் கடையாதீர்கள். பம்பரம் செய்யுங்கள், சாவிக் கிண்ணம் செய்யுங்கள். சாப்பாட்டுக்கு என்றால் மருந்து படாத மரத்தைத் தேடுங்கள். பலா மரம், மா மரம் எல்லாம் கம்பங்களில் கிடைக்கும்.

தேய்க்கும் முறைகள்

இனி விஷயத்துக்கு வருகிறேன். எந்த முறை நல்லது என்று கேட்டால், ஆசாரி ஒரு பதில் சொல்வார், நான் ஒரு பதில் சொல்வேன். ஆச்சரியம் என்னவென்றால் பல இடங்களில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

தேய்ப்பதைக் குறைப்பதுதான் முதல் முறை. மழுங்கிய உளியால் மரத்தைக் கிழித்துவிட்டு, அந்தக் கிழிசலை 80 எண் தாளால் சரிபண்ணுவதுதான் பெரும்பாலான தூசுக்குக் காரணம். பால் வெட்டும் கத்தியை நாம் எப்படித் தீட்டினோம்? பட்டைக்கும் மரத்துக்கும் நடுவிலே காயம் படாமல் சீவுவதற்காகத் தினமும் கல்லில் இழைத்தோமே, அதே கைப்பழக்கம் இங்கேயும் வேண்டும். கடைசிச் சுற்றுக்கு முன்பு உளியையோ சுரண்டியையோ மறுபடி தீட்டி, விளிம்பைச் சாய்த்துப் பிடித்து, மயிர் போலச் சீவல் வரும்படி மெதுவாக ஒரு முறை ஓட்டினால், 80 எண்ணும் 120 எண்ணும் தேவைப்படாது. நேராக 180இல் தொடங்கலாம். பாதித் தூசு பிறக்கவே பிறக்காது. பிறக்காத தூசுக்கு மாஸ்க் வேண்டாம்.

ரப்பர் மரத்தில் ஒரு தொல்லை உண்டு. காற்றில் சாய்ந்து வளர்ந்த மரத்தில் ஒரு பக்கம் நார் பஞ்சு போலக் கிளம்பும். எவ்வளவு தேய்த்தாலும் படியாது, தாளைத்தான் அடைத்துக் கொள்ளும். அங்கே பலத்தைக் காட்டி அழுத்துவது வீண். ஈரத் துணியால் ஒரு முறை துடைத்து, நார் எழுந்து நிற்கும்படி காய விட்டு, அதன் பிறகு கூர்மையான சுரண்டியாலோ புதுத் தாளாலோ எடுத்தால் உடனே வந்துவிடும்.

இரண்டாவது, இயந்திரம் சுழலும்போதே தாளைக் கையால் பிடித்துத் தேய்ப்பது. எல்லோரும் செய்வது இதுதான். தாளின் எண்ணை ஒழுங்காக ஏற்ற வேண்டும். 120, 180, 240, 320 என்று போனால் போதும். 120இலிருந்து 320க்குத் தாவினால் 120 போட்ட கீறல் அப்படியே இருக்கும், அதை எடுக்க நைசுத் தாளை ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டி வரும். ஆழமாகப் போகும் தூசியை ஒரு மணி நேரம் சுவாசிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. தேய்ந்த தாளைச் சிக்கனம் என்று வைத்துக் கொள்வதும் இதே கதைதான். அது சீவாது, சூடாக்கும். சூட்டில் விளிம்பு வெடிக்கும், விரல் நுனி பொக்களிக்கும். நம்ம ஆட்களுக்குத் தாளைத் தூக்கிப் போட மனசே வராது, தெரியும். நெபுலைசர் வைக்கக் கிளினிக் போய்வரும் கார் செலவை நினைத்துப் பாருங்கள்.

வேகம். 25 சென்டிமீட்டர் அகலக் கிண்ணம் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மோட்டார் சைக்கிள் வேகம். ஓடும் மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் விரலை வைப்பீர்களா? 500 சுற்றாகக் குறைத்தால் சைக்கிள் வேகம். தூசு தூரம் பறக்காது, சூடும் ஏறாது, தாளும் நீடிக்கும். கிண்ணத்தின் நடு மையம் எந்த வேகத்திலும் ஏறக்குறைய நின்றுகொண்டேதான் இருக்கும். அங்கே சுழற்சியை நம்பிப் பயனில்லை, நிறுத்திவிட்டுக் கையால்தான் தேய்க்கணும்.

தாளைத் தொடுவதற்கு முன்னால் உளி தாங்கியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அதற்கும் மரத்துக்கும் நடுவில் விரல் மாட்டினால் எலும்பு நிற்காது. தாளை மூன்றாக மடித்துக் கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் லேசாகப் பிடியுங்கள். இழுத்தால் தாள் கையை விட்டு ஓடிவிட வேண்டும். விரலில் சுற்றிக் கொள்ளவே கூடாது. மரம் கையை விட்டு விலகி ஓடும் பக்கத்தில் தாளை வையுங்கள், கையை நோக்கி ஏறி வரும் பக்கத்தில் வைக்காதீர்கள். கையுறை, நீளக் கைச்சட்டை, தோளில் துண்டு, கைலியின் தொங்கல், வளையல், தொங்கும் தாலிக்கொடி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் அருகில் வரக் கூடாது. தாலியைக் கழற்றச் சொல்லவில்லை, சட்டைக்குள்ளே போட்டுப் பொத்தானை மாட்டுங்கள் என்கிறேன்.

மூன்றாவது, துளைபோடும் இயந்திரத்தில் பஞ்சு வட்டையும் அதில் ஒட்டும் வட்டத் தாளும் மாட்டி, கிண்ணமும் சுழல, தாளும் சுழலத் தேய்ப்பது. கீறல் வளையம் வளையமாக நிற்காது, வேலை சீக்கிரம் முடியும். ஆசாரிகளுக்கு மிகவும் பிடித்த முறை. எனக்குப் பிடிக்காத முறை. தூசு நாலா பக்கமும் சிதறும். காலெல்லாம் மாவு. உறிஞ்சி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. வீட்டுத் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் குழாய் வாயைக் கிண்ணத்துக்கு ஒரு சாண் தூரத்தில், தூசு பறக்கும் திசையில் கட்டி வையுங்கள். இரண்டு சாண் தள்ளி வைத்தால் பெயருக்குத்தான் இருக்கும். நுண்தூசு வடிகட்டி இல்லாத பழைய உறிஞ்சி, பெரிய தூசியைப் பிடித்துக்கொண்டு சின்னதைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். அதன் உடலை வாசலுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

நான்காவது, ஈரத் தேய்ப்பு. வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் என் ஓட்டு இதற்குத்தான். தண்ணீர் தாங்கும் கறுப்புத் தாளை வாங்கி, உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெயில் தோய்த்துத் தேய்த்தால் தூசு காற்றில் கிளம்பாமல் குழம்பாகிவிடும். அந்தக் குழம்பு ரப்பர் மரத்தின் துவாரங்களிலும் போய் நிறையும், மேற்பரப்பு இன்னும் வழுவழுப்பாக வரும். 180 வரை உலர்வாகத் தேய்த்து, மிக நைசான தூசு வரும் 240, 320 கட்டங்களை எண்ணெயில் செய்தால் ஆபத்தின் பெரும் பகுதி குறைந்துவிடும். வேகத்தை நன்றாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் சுவரெல்லாம் எண்ணெய்க் கோடு விழும், வீட்டிலே பாட்டு வாங்குவீர்கள். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் என்றால் ஈரத் துணியில் ஒற்றி எடுக்கும் அளவுதான். மின்சார மோட்டாருக்கு மேலே தண்ணீர் தெளிப்பது தற்கொலைக்குச் சமம். இன்னொன்று, ஈரத்தில் தேய்த்த குழம்பு காய்ந்தால் மறுபடி தூசுதான். ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்துவிட வேண்டும்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு மர ரேகையோடு கையால் தேய்ப்பது கடைசி. நேரம் பிடிக்கும். ஆனால் தூசு கீழே விழும், பறக்காது. வளையக் கீறலும் மறையும். அவசரம் இல்லாத ஓய்வுக்கால மனிதருக்கு இதைவிட நல்லது எது? உப்புத்தாள் வருவதற்கு முன்பு மலாய்த் தச்சர்கள் மெம்பலாஸ் கொடியின் சொரசொரப்பான இலையால் இப்படித்தான் தேய்த்தார்கள். தமிழ்நாட்டிலே பிராய் மரத்து இலை. கர்நாடகத்தில் சென்னப்பட்டணத்துப் பொம்மைக் கடைசல்காரர்கள் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசும் சூட்டிலேயே நிறம் ஏற்றி, தாழை ஓலையால் மெருகு போடுகிறார்கள். ஓலையில் பளபளப்பு வரும், தூசு வராது. சிமிழும் பம்பரமும் கடைபவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

காற்றும் முகக்கவசமும்

கைக்குட்டையைக் கட்டிக் கொள்வதும், நீல நிற அறுவை மாஸ்க்கும் நுண்தூசியைத் தடுக்காது. ஓரமெல்லாம் இடைவெளி. 2015, 2019 புகைமூட்டத்தின் போது வாங்கினோமே, என் 95 மாஸ்க், அதுதான் குறைந்த அளவு. இரண்டு வாரும் தலைக்குப் பின்னால் போக வேண்டும், மூக்குக் கம்பியை அழுத்த வேண்டும், ஊதினால் ஓரத்தில் காற்று கசியக் கூடாது. தாடி வைத்திருப்பவர்களுக்கு அது ஒட்டாது. முருகனுக்கு வேண்டுதல் தாடி என்றால், தைப்பூசம் முடியும் வரை உலர்ந்த தேய்ப்பை நிறுத்தி வையுங்கள், முருகன் ஒன்றும் சொல்ல மாட்டார். இயந்திரத்தை நிறுத்திய உடனே மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். மிதக்கும் தூசு இன்னும் அறையில்தான் இருக்கிறது.

மேல் விசிறியைப் போட்டுக்கொண்டு தேய்ப்பது, விழப்போன தூசியை மறுபடி கிளப்பிவிடுவது. அதை நிறுத்திவிட்டு, நிற்கும் விசிறியை உங்கள் முதுகுப் பக்கம் ஒரு ஓரமாக வைத்து, காற்று கிண்ணத்தைக் கடந்து வாசல் வழியே வெளியேறும்படி செய்யுங்கள். அந்த வாசலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப் போட்டிருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் பொது நடைபாதையில் வைத்துத் தேய்ப்பது நியாயமில்லை, எத்தனையோ குழந்தைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

தூசியைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். காற்றுக் குழாயால் உடம்பில் ஊதிக் கொள்வது பட்டறைகளில் சகஜம், மிகவும் தவறான பழக்கம். ஈரத் துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையைப் பின்கட்டிலேயே கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, முகம் கைகால் கழுவிய பிறகு பேரக்குழந்தையைத் தூக்குங்கள்.

எப்போது என்னிடம் வரணும்?

வேலை செய்த அன்று மாலையோ இரவோ நெஞ்சு இறுகி, இருமி, விசில் சத்தம் கேட்கிறதா? இரண்டு நாள் இயந்திரத்தைத் தொடாமல் இருந்தால் குறைகிறதா? ஊருக்குப் போயிருந்த வாரம் நன்றாகத் தூங்கினீர்களா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால், சிரப் குடித்துக் காலம் கடத்த வேண்டாம். தூசு பட்ட உடனே வராமல் நாலைந்து மணி நேரம் கழித்து வருவதுதான் இந்த ஆஸ்துமாவின் தந்திரம். அதனால்தான் பலர் இரவுக் குளிர் மேலே, ஐஸ் தண்ணீர் மேலே பழி போடுகிறார்கள்.

உறுதிப்படுத்த ஒரு சுலபமான வழி இருக்கிறது. மூச்சை ஊதி அளக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று உண்டு, பீக் ஃபுளோ மீட்டர் என்பார்கள். மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று ஊது ஊதி, அதிகமான எண்ணை எழுதி வையுங்கள். வேலை செய்யும் நாள், செய்யாத நாள் இரண்டையும் குறித்து மூன்று நான்கு வாரம் எழுதிக் கொண்டு வந்தால், அந்தத் தாளைப் பார்த்தே மருத்துவர் பாதி சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் கண்டுபிடித்துத் தூசியை நிறுத்தினால் பலருக்குச் சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனால் தூசியை விட்ட பிறகும் ஆஸ்துமா விடாது.

மூக்கின் ஒரே பக்கம் மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால், அதிலிருந்து இரத்தம் கலந்து வந்தால், வாசனை தெரியாமல் போனால், என்னிடம்கூட வர வேண்டாம். கடிதம் தருகிறேன், நேரே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள். போகும்போது எத்தனை ஆண்டு மர வேலை செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

பட்டறையில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முகக்கவசமும் தூசு உறிஞ்சியும் முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் தானம் அல்ல. வேலையிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் கவனிப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. வேலையால் வந்த ஆஸ்துமாவுக்குப் பெர்கேசோவில் கோரிக்கை வைக்கலாம். சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கும் 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பணம் கட்டிச் சேர வழி உண்டு. மேலே சொன்ன ஊதுகுழாய்க் குறிப்பும், எந்த ஆண்டு எந்தப் பட்டறையில் என்ன வேலை செய்தீர்கள் என்ற குறிப்பும், சம்பளச் சீட்டும் அப்போது உதவும். சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

கிண்ணத்துக்குக் கடைசியாகப் பூசும் எண்ணெயைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். சமையல் எண்ணெய் சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும், வேண்டாம். கனிம எண்ணெயும் தேன்மெழுகும் கலந்து பூசலாம். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கும், அதுவும் பக்கத்தில் மரத்தூளும் கிடந்தால் கேட்கவே வேண்டாம். துணியைத் தண்ணீரில் நனைத்து, வீட்டுக்கு வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் சேர்த்துவிடுங்கள்.